வாசல்ல நிக்கிற ரெண்டு நிமிஷம்: ஸ்பெஷல் ஸ்கூல் வேன் டிரைவர் பதில்கள்

காலைல ஒரு ட்ரிப், சாயங்காலம் ஒரு ட்ரிப்னு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்க படிக்கிற ஸ்பெஷல் ஸ்கூலுக்கு வேன் ஓட்டுற வேலைய பத்தி போன இதழ்ல கொஞ்சமா எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கல. நான் 11 வருஷமா திருச்சில இந்த வேலை பாக்குறேன், நடுப்பகல்ல ஆட்டோ ஓட்டுவேன். டாக்டரும் இல்ல, வாத்தியாரும் இல்ல. வேன்ல பாத்தத, பிள்ளைங்க கிட்டயும் அவங்க அம்மாமார் கிட்டயும் ஸ்கூல் டீச்சர்ங்க கிட்டயும் கத்துக்கிட்டத மட்டும் சொல்றேன். பேர் போட வேணாம்னு நெறய பேர் கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கு.

அரசு பஸ்ல 29 வருஷம் ஓட்டி ரிட்டையர் ஆயிட்டேன். பக்கத்துல ஒரு ஸ்பெஷல் ஸ்கூல்ல காலை மாலை மட்டும் வேன் ஓட்ட ஆள் கேக்குறாங்க. எனக்கு சரிவருமா? லைசென்ஸ், சம்பளம் எல்லாம் எப்படி? (வாசகர், லால்குடி)

அண்ணே, வண்டி ஓட்டுறதுல உங்களுக்கு நான் சொல்லித்தர ஒண்ணுமே இல்ல. ஆனா ஒரு பழக்கத்த விடணும், அது கஷ்டமா இருக்கும். ஸ்டாப்புல நிறுத்தி விசில் சத்தம் கேட்டதும் கியர் போட்ட கை உங்களோடது. இங்க ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ரெண்டு நிமிஷம், சில வாசல்ல நாலு நிமிஷம் நிக்கணும். எங்க வேன்ல 14 பிள்ளைங்க, மொத்தமே 22 கிலோமீட்டர்தான், ஆனா எனக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு பொண்ணு முதல் படில கால வச்சுட்டு கீழ பாத்துக்கிட்டே நிக்கும், அது மனசுக்குள்ள என்ன எண்ணுதோ தெரியாது, எண்ணி முடிச்சதும் தானா ஏறிரும், நடுவுல "சீக்கிரம் ஏறும்மா"ன்னு ஒரு வார்த்த சொன்னா போச்சு, கால எடுத்துட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். அந்த வாசல்ல நின்னுதான் நான் இந்த வேலையவே கத்துக்கிட்டேன். பின்னாடி பைக்காரன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

லைசென்ஸ் விஷயம்: உங்ககிட்ட ஹெவி இருக்கு, கவலையே இல்ல, 5 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், அதுக்கு டாக்டர் கிட்ட படிவம் 1ஏ, அதாவது உடல்தகுதி சர்டிபிகேட், வாங்கணும், அவ்வளவுதான். கார் லைசென்ஸ் மட்டும் வச்சிருக்கிற தம்பிங்களும் ரெண்டு மூணு பேர் கேட்டிருக்காங்க, அவங்களுக்கும் சேத்தே சொல்லிடறேன். மொத்த எடை 7,500 கிலோவ தாண்டாத வண்டிய எல்எம்வி, அதாவது கார் மாதிரி இலகுரக வண்டிக்கான லைசென்ஸ்லயே ஓட்டலாம்னு சுப்ரீம் கோர்ட் 2017ல சொல்லி, 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிங்க பெஞ்சும் அதையே உறுதி பண்ணிட்டாங்க. ஆனா ஸ்கூல் வண்டின்னா அனுபவம் எத்தன வருஷம்னு கேப்பாங்க, போலீஸ் வெரிஃபிகேஷன் கேப்பாங்க, கேக்காத ஸ்கூலா இருந்தா நீங்களே எடுத்துட்டு போய் குடுங்க. இது பேசத் தெரியாத பிள்ளைங்களும் ஏறுற வண்டி, பெத்தவங்களுக்கு அந்த ஒரு பேப்பராவது கைல இருக்கணும்.

சம்பளம் ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், நான் சேந்தப்போ மாசம் 6,500தான். தொகைய விட முக்கியமா கேக்க வேண்டியது, மே மாசம் சம்பளம் உண்டா இல்லையா. நெறய இடத்துல 10 மாசம், 11 மாசம்தான் தருவாங்க, சேந்தப்புறம் தெரிஞ்சா மனசு வலிக்கும். மே மாசம் ஸ்கூல் வண்டிய எல்லாம் ஆர்டிஓ ஆபீஸ்ல வரிசையா நிறுத்தி ஆய்வு பண்ணுவாங்க இல்லையா, தீயணைப்பு கருவி, முதலுதவி பெட்டி, அவசர வழி எல்லாம் பாப்பாங்க, அதுக்கு வண்டிய தயார் பண்ணுறதும் நம்ம தலைலதான் விழும். அந்த நாளுக்கு கூலி உண்டான்னும் கேட்டுருங்க. சுகர் மாத்திரை போடுறவரா இருந்தா சாப்பிடாம முதல் ட்ரிப் எடுக்காதீங்க, ட்ரிப் நடுவுல உங்களுக்கு மயக்கம் வந்தா அந்தப் பிள்ளைங்கள்ல பாதி பேருக்கு கூப்பிடக்கூட தெரியாது.

இன்னொண்ணும் சொல்லணும். வேலைக்கு சேந்த முதல் வருஷம், ஸ்கூல்ல எல்லாரையும் இறக்கிட்டு வண்டிய பூட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். ஆயாம்மா கிளாஸ்ல போய் தலை எண்ணினா ஒண்ணு குறையுது. ஓடி வந்து திறந்தா கடைசி சீட்டுல பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரு சின்னப் பொண்ணு தூங்கிக்கிட்டு இருக்கு. நாலு நிமிஷம்தான் இருக்கும், ஒண்ணும் ஆகல. ஆனா அது ஏப்ரல் மாசம், திருச்சி வெயில் உங்களுக்கு தெரியும், பூட்டின வண்டிக்குள்ள அரை மணி நேரம் ஆகியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னிக்கும் சில நாள் ராத்திரி நினைப்பு வரும். தப்பு என்னோடதுதான். அன்னிக்கு இருந்து சாவிய எடுக்குறதுக்கு முன்னாடி கடைசி சீட்டு வரைக்கும் நடந்து போய், குனிஞ்சு சீட்டுக்கு அடிலயும் பாத்துட்டுதான் பூட்டுவேன், பிள்ளைங்க எல்லாரும் இறங்கினத கண்ணால பாத்திருந்தாலும் நடப்பேன்.

ஆட்டோல ஒரு ஆட்டிசம் பையன ஸ்கூலுக்கு கூட்டிட்டு போறேன், கூட அவன் பாட்டி வருவாங்க. வண்டி ஓடுற வரைக்கும் நல்லா இருக்கான், சிக்னல்ல நின்னா கையைக் கடிச்சுக்கிறான், சத்தம் போடுறான். பக்கத்து வண்டிக்காரங்க ஒரு மாதிரி பாக்குறாங்க. என்ன பண்றது? (ஆட்டோ டிரைவர், வயசு 34, கரூர்)

தம்பி, முதல்ல பக்கத்து வண்டிக்காரன விடுங்க, அவனுக்கு பச்சை விழுந்தா போயிருவான்.

அந்தப் பையனோட இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. வண்டி போகுது, காத்து வருது, எல்லாம் சரியா இருக்கு, திடீர்னு நின்னு போச்சு, சுத்தி நாப்பது வண்டி உறுமுது, எதுக்கு நின்னோம், எப்ப கிளம்புவோம், எதுவும் அவனுக்கு தெரியாது. நமக்கு சிவப்பு லைட் தெரியுது, அவனுக்கு அது ஒரு லைட்டு, அவ்வளவுதான். நிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லுங்க, "சிக்னல் வருது, நிக்கப் போறோம், அப்புறம் போவோம்"னு, தினமும் அதே வார்த்த, அதே குரல். டைமர் இருக்கிற சிக்னலா இருந்தா நம்பர் குறையுறத காட்டுங்க, நெறய பிள்ளைங்களுக்கு நம்பர் ரொம்ப பிடிக்கும், எங்க வேன்ல ஒரு பையன் டைமர் இல்லாத சிக்னல்லதான் கோவப்படுவான். கடிக்கிற கையப் பிடிச்சு இழுக்காதீங்க, இழுத்தா இன்னும் பலமா கடிப்பான். அவனுக்கு பிடிச்ச ஏதாவது ஒரு பொருள, துணியோ ரப்பரோ, கைல குடுக்க சொல்லி பாட்டி கிட்ட சொல்லுங்க. ஆட்டோ நாலு பக்கமும் திறந்து கிடக்கு, ஹாரன் சத்தம் நேரா காதுல விழும், காத மூடுற ஹெட்ஃபோன் மாதிரி ஒண்ணு விக்குது, அத பத்தி அவங்க வீட்டுல பேசிப் பாருங்க. எதுக்கும் அவனோட ஸ்பெஷல் டீச்சர ஒரு தடவ பாத்து கேளுங்க, டிரைவர் வந்து கேட்டா அவங்க சந்தோஷமா சொல்லித்தருவாங்க, இதுவரைக்கும் யாரும் என்னைத் திருப்பி அனுப்பினது இல்ல.

எனக்கு நடந்தத சொல்றேன். ஸ்ரீரங்கத்துல இருந்து ஒரு பையன் வருவான், அப்ப 9 வயசு, பேச்சு கிடையாது. இடது பக்கம் ஜன்னலோர சீட்டு அவனோடது, வேற யாரும் உக்கார முடியாது. மாம்பழச்சாலை தாண்டி காவிரிப் பாலம் ஏறினதும் உள்ளங்கைய கண்ணாடில வைப்பான், பாலம் இறங்கினதும் எடுத்துருவான். 2022 செப்டம்பர்ல அந்தப் பாலத்த ரிப்பேருக்காக அடைச்சுட்டாங்க, வண்டி எல்லாம் சென்னை பைபாஸ் பாலம் வழியா சுத்திப் போகணும். முதல் நாள் திருவானைக்காவல்ல வண்டிய வேற பக்கம் திருப்பினேன், அவ்வளவுதான், சஞ்சீவி நகர் வர்ற வரைக்கும் தலைய கண்ணாடில இடிச்சுக்கிட்டே வந்தான். ஆயாம்மா தன் கைய நடுவுல வச்சு இடிய வாங்கிக்கிட்டாங்க, அவங்க கை வீங்கிப் போச்சு.

ஒரு வாரம் இப்படியே போச்சு. டீச்சர் ஒரு அட்டைல நாலு படம் ஒட்டிக் குடுத்தாங்க, வீடு, வேன், புதுப் பாலம், ஸ்கூல். அவங்கப்பா ஞாயித்துக்கிழமை பைக்ல அதே வழில ரெண்டு தடவ கூட்டிட்டு போனாரு. கொஞ்சம் குறைஞ்சுது, நிக்கல. எட்டாவது நாளோ ஒம்பதாவது நாளோ ஆயாம்மாதான் கண்டுபிடிச்சாங்க. பழைய பாலத்துல போறப்போ மலைக்கோட்டை இடது பக்கம் வரும், பைபாஸ் பாலத்துல வலது பக்கம் வருது. பையன் இடது பக்கமே பாத்துக்கிட்டு இருக்கான், அங்க வெறும் ஆறுதான் இருக்கு. நாங்க எல்லாரும் அவன் பாலத்த தேடுறான்னு நினைச்சோம், அவன் மலைக்கோட்டைய தேடியிருக்கான். மறுநாள் வலது பக்கம் ஜன்னலுக்கு மாத்தி உக்கார வச்சோம், பாலம் ஏறினதும் கொஞ்ச நேரம் கண்ணு அலைஞ்சுது, அப்புறம் மெதுவா கை கண்ணாடிக்குப் போச்சு. நான் கண்ணாடில பாத்துக்கிட்டே ஓட்டினேன், கண்ணு கலங்கிருச்சு. 2023 மார்ச்ல பழைய பாலத்த திறந்தப்போ மறக்காம அவன இடது பக்கம் மாத்திட்டோம்.

உங்க பையனும் எதையோ தேடுறான் தம்பி. பாட்டி கிட்ட கேளுங்க, அவங்களுக்கு தெரிஞ்சிருக்கும்.

என் பொண்ணுக்கு 12 வயசு, செரிபிரல் பால்சி (மூளை பாதிப்பால கைகால் அசைவு சரியா வராது), வாக்கர் பிடிச்சு நடப்பா. ஸ்கூல் வேன் தெருமுனையிலதான் நிக்குது, சந்துக்குள்ள வர மாட்டேங்கறாங்க. சில நாள் நான் போறதுக்கு முன்னாடியே இறக்கி விட்டுட்டு போயிடறாங்க, பொண்ணு கடை வாசல்ல தனியா நிக்கிறா. சண்டை போட்டா வேன்ல இடம் இல்லனு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு. (ஒரு அம்மா, தஞ்சாவூர்)

அம்மா, சந்துக்குள்ள வண்டி திரும்பாதுன்னா அது நியாயமான காரணம், ஏன்னா ரிவர்ஸ் எடுக்குறதுதான் ஸ்கூல் வண்டில ரொம்ப ஆபத்தான வேலை. 2022ல சென்னைல ஸ்கூல் வளாகத்துக்குள்ளயே வேன் மோதி ஒரு ரெண்டாங்கிளாஸ் பையன் செத்துப் போனதுக்கு அப்புறம்தான் முன்னாடி பின்னாடி கேமரா, சென்சார் எல்லாம் வேணும்னு கொண்டு வந்தாங்க. அதனால தெருமுனைல நிக்கட்டும். ஆனா தனியா இறக்கி விட்டுட்டு போறது தப்பு. அதுக்கு எந்த டிரைவரும் காரணம் சொல்ல முடியாது, நானும் டிரைவர்தான், அதனாலயே சொல்றேன். வீட்டுல யார் கைல ஒப்படைக்கணும்னு பேரும் போட்டோவும் வண்டில இருக்கணும், அந்த ஆள் வரலைனா பிள்ளைய இறக்கக்கூடாது, வண்டிலயே உக்கார வச்சு போன் பண்ணணும், எடுக்கலைனா அடுத்த ஸ்டாப்ப முடிச்சுட்டு திரும்பி வரணும், அப்பவும் யாரும் இல்லைனா ஸ்கூலுக்கே கூட்டிட்டு போகணும். எனக்கு இது மாசத்துல ஒருக்கா நடக்கும். சித்தப்பான்னு ஒருத்தர் வந்து நின்னார், பிள்ளையும் அவரப் பாத்து சிரிச்சுது, லிஸ்ட்ல பேர் இல்ல, நான் குடுக்கல, அவர் கோவிச்சுக்கிட்டாரு, மறுநாள் பிள்ளையோட அப்பா வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு.

நீங்க கேக்குறது சலுகை இல்லம்மா. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 16வது பிரிவு இருக்கு, அரசாங்கத்தோட நிதி வாங்குற, இல்ல அங்கீகாரம் வாங்கின கல்வி நிறுவனங்கள் இந்தப் பிள்ளைங்களுக்கு போக்குவரத்து வசதி செஞ்சு குடுக்கணும், அதிக உதவி தேவைப்படுற பிள்ளையா இருந்தா கூட வர்ற ஆளுக்கும் சேத்து செஞ்சு குடுக்கணும்னு அதுல தெளிவா எழுதியிருக்கு. வண்டில டிரைவர் தவிர ஒரு உதவியாளர் இருக்கணும்னு 2012ல வந்த நம்ம மாநில ஸ்கூல் பஸ் விதிகள்லயே இருக்கு, தாம்பரம் பக்கம் ஒரு சின்னப் பொண்ணு ஸ்கூல் பஸ் தரைல இருந்த ஓட்டை வழியா விழுந்து இறந்துச்சே, அந்த வருஷம் வந்த விதி அது. இதையெல்லாம் சண்டையா சொல்ல வேணாம், தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கம் லெட்டரா எழுதி, தேதி போட்டு, ஒரு நகல்ல சீல் வாங்கிக்கோங்க. வாயால சொன்னா மறந்துருவாங்க, லெட்டர் ஃபைல்ல நிக்கும். உங்கள மாதிரி இன்னும் ரெண்டு அம்மாங்க கண்டிப்பா அந்த வேன்லயே இருப்பாங்க, சேந்து எழுதுங்க.

டிரைவர் சார்பா உங்ககிட்டயும் சில விஷயம் கேக்கணும். அஞ்சு நிமிஷம் முன்னாடி முனைக்கு வந்துருங்க. ராத்திரி பிள்ளை தூங்கலைனா, புது மாத்திரை ஆரம்பிச்சிருந்தா, காலைல வாந்தி எடுத்திருந்தா, ஏத்தும்போது ஒரு வார்த்த சொல்லுங்க. ஏறுறதுக்கு முன்னாடி வயிறு முட்ட பால் குடுக்காதீங்க. வாக்கர்ல பிள்ளை பேரும் உங்க போன் நம்பரும் ஒட்டி வைங்க, சாயங்காலம் நாலு வாக்கர் ஒரே மாதிரி இருக்கும், மாத்திக் குடுத்துட்டா உயரம் ஒத்து வராம பிள்ளை ராத்திரி பூரா கஷ்டப்படும்.

வேன்ல ஒரு பையனுக்கு வலிப்பு வந்துருச்சு. வண்டிய நிறுத்தி கைல சாவிக்கொத்த குடுத்தேன், ஒரு நிமிஷத்துல நின்னுருச்சு. ஆனா ஆயாம்மா சாவி குடுக்கக்கூடாதுன்னு திட்டுறாங்க. எது சரி? (வேன் டிரைவர், வயசு 27, புதுக்கோட்டை)

ஆயாம்மா சொன்னதுதான் சரி தம்பி. நம்ம எல்லாரும் அத சின்ன வயசுல இருந்து பாத்து வளந்தவங்க, பஸ் ஸ்டாண்டுல யாராவது விழுந்தா நாலு பேர் சாவியத் தேடுவாங்க, நானும் குடுத்திருக்கேன். இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வலிப்பு பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானாவே நின்னுரும், அந்த நேரத்துக்குள்ள நாம சாவி குடுத்திருப்போம், சாவியாலதான் நின்னுச்சுன்னு நினைச்சுக்குவோம். இறுக்கின கைய விரிச்சு சாவிய திணிக்குறதுல விரல்ல காயம்தான் ஆகும்.

வண்டிய ஓரமா நிறுத்தி ஹசார்டு லைட் போடுங்க. போன்ல மணி பாருங்க, இதுதான் முதல் வேலை, ஏன்னா அந்தப் பதட்டத்துல ஒரு நிமிஷம் பத்து நிமிஷம் மாதிரி தெரியும். பிள்ளைய ஒருக்களிச்சு படுக்க வைங்க, எச்சில் வெளிய வடியட்டும், தலைக்கு அடில துண்ட மடிச்சு வைங்க, கழுத்து பட்டன், டை, ஐடி கார்டு கயிறு எல்லாத்தையும் தளத்துங்க. கைகால அமுக்கிப் பிடிக்காதீங்க, வாய்க்குள்ள ஸ்பூனு துணி விரல் எதுவும் விடாதீங்க, தண்ணி குடுக்காதீங்க. வீல்சேர்ல பெல்ட் போட்டு இருக்கிற பிள்ளைன்னா அவசரமா கழட்டி கீழ இறக்க வேணாம், தலைய மட்டும் தாங்கிப் பிடிங்க, மூச்சு அடைக்குற மாதிரி இருந்தா மட்டும் இறக்குங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, நின்னு நினைவு வர்றதுக்குள்ள மறுபடி வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, இதுக்கு முன்னாடி வலிப்பே வராத பிள்ளையா இருந்தாலோ 108. சில பேர் மூக்குல அடிக்குற ஸ்ப்ரே மருந்து பையில வச்சு அனுப்புவாங்க, அத டாக்டர் எழுதிக் குடுத்து, எப்படி அடிக்கணும்னு உங்களுக்கு சொல்லித் தந்திருந்தா மட்டும் தொடுங்க.

நின்னப்புறம் பிள்ளை அசந்து தூங்கும், சிலது ஒண்ணுக்கு போயிருக்கும். மத்த பிள்ளைங்க கேலி பண்ணாம இருக்க ஒரு போர்வையோ பெரிய துண்டோ வண்டில எப்பவும் வச்சுக்கோங்க. அவன் முழிச்சதும் அந்த இடத்துல யார் முகத்த பாக்கணும்னு நினைப்பான்னு யோசிச்சு, ஆயாம்மாவ பக்கத்துலயே உக்கார சொல்லுங்க.

நான் வேன்ல ஆயாவா இருக்கேன். வீல்சேர்ல வர்ற ரெண்டு பிள்ளைங்கள அப்படியே ஏத்தி, பிரேக் போட்டு, என்னை கையால பிடிச்சுக்க சொல்றாங்க. திருப்பத்துல சேர் சாயுது, என் கை வலிக்குது. இது சரியான முறையா? (வாசகி, வயசு 46, திண்டுக்கல்)

இல்லக்கா, இது ரொம்ப ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. 40 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி சடன் பிரேக் அடிச்சா அந்த சேர் பிள்ளையோட சேந்து முன்னாடி பாயும், பயில்வானாலயும் பிடிச்சு நிறுத்த முடியாது. வீல்சேர் பிரேக் சக்கரம் உருளாம இருக்கத்தான், சேர் கவுறாம இருக்க அது உதவாது.

சேர் முன்பக்கம் பாத்து நிக்கணும், பக்கவாட்டுல நிறுத்தக்கூடாது. தரைல கொக்கி அடிச்சு நாலு பட்டை, முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டு, சேரோட இரும்பு ஃபிரேம்ல மாட்டணும். சக்கரத்துலயோ கால் வைக்குற தகடுலயோ கை வைக்குற பிடியிலயோ மாட்டினா அது கழண்டு வந்துரும். இறுக்கினப்புறம் சேரைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, அசையக்கூடாது. அது சேருக்கு மட்டும்தான், பிள்ளைக்கு இடுப்புல தனியா வண்டியோட சீட் பெல்ட் வேணும். சேர்ல இருக்கிற சின்ன பெல்ட் பிள்ளை நேரா உக்காரத்தான், விபத்துல அது தாங்காது. சாப்பாட்டு ட்ரே மாட்டியிருந்தா கழட்டி கீழ வைங்க.

கேம்ப்ல குடுக்குற மடக்கு வீல்சேர் தள்ளிக்கிட்டு போறதுக்கு செஞ்சது, வண்டில வச்சு ஓட்டுறதுக்கு செஞ்சது இல்ல. பிள்ளைக்கு கொஞ்சமாவது உக்கார முடியும்னா தூக்கி வேன் சீட்டுல வச்சு பெல்ட் போட்டு, சேர மடக்கி பின்னாடி கட்டுறதுதான் நல்லது. தூக்கும்போது ரெண்டு பேர் தூக்குங்க, உங்க முதுகு போச்சுன்னா யார் பாத்துக்குவாங்க? தூக்குறதுக்கு முன்னாடி பிள்ளை கிட்ட "தூக்கப் போறேன்டா"ன்னு சொல்லிட்டு தூக்குங்க, பேசாத பிள்ளையா இருந்தாலும் சொல்லுங்க. அதுங்க உடம்பு நம்ம சாமான் மூட்ட இல்ல.

பட்டை வாங்கித் தர சொல்லி ஸ்கூல்ல கேளுங்க, தரலைனா பெத்தவங்க காதுல போடுங்க. இந்த விஷயத்துல டிரைவரும் உங்க பக்கம்தான் நிக்கணும், நிக்காத டிரைவரா இருந்தா இந்தப் பக்கத்த அவர் கைல குடுத்துருங்க.

ஆம்பளை டிரைவர் பொண்ணு பிள்ளைங்கள கைபிடிச்சு ஏத்தலாமா? பயமா இருக்கு. (வாசகர், பெரம்பலூர்)

ஏத்தி இறக்குறது ஆயாம்மா வேலை. அவங்க லீவுன்னா மாத்து ஆள் வந்தாதான் வண்டி எடுப்பேன்னு முதல் நாளே சொல்லிடுங்க, நான் அப்படித்தான் சொன்னேன், ரெண்டு நாள் முணுமுணுத்தாங்க, அப்புறம் பழகிருச்சு. எந்தப் பிள்ளையோடவும், பையனா இருந்தாலும், வண்டில தனியா இருக்காதீங்க. முதல்ல ஏறுற பிள்ளைக்கு முன்னாடியே ஆயாம்மா ஏறணும், கடைசிப் பிள்ளை இறங்கினப்புறம்தான் இறங்கணும். இது உங்களுக்கும் பாதுகாப்பு, அதவிட பிள்ளைக்கு பாதுகாப்பு, ஏன்னா இந்தப் பிள்ளைங்கள்ல நெறய பேருக்கு நடந்தத வீட்டுல போய் சொல்லத் தெரியாது. வேற யார் மேலயாவது உங்களுக்கு சந்தேகம் வந்தாலும் மூடி வைக்காதீங்க, குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க, பிள்ளைங்க மேல நடக்குற பாலியல் குற்றத்துக்கான போக்சோ சட்டத்துல தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறதே குற்றம்.

வேன்ல பாட்டு போடலாமா? (வாசகர், மணப்பாறை)

போடலாம், சத்தம் கம்மியா, தினமும் அதே பாட்டு அதே வரிசைல. எங்க வேன்ல எல்லாரும் ஏறினப்புறம் இளையராஜா பாட்டு எட்டு ஓடும், எட்டாவது முடியும்போது ஸ்கூல் வந்துரும், அது பிள்ளைங்களுக்கே தெரியும். ஒரு நாள் டிராஃபிக்ல மாட்டி ஒம்பதாவது பாட்டு வந்துருச்சு, பின்னாடி ஒரே அழுகை. அதுக்கப்புறம் எட்டு முடிஞ்சா ஆஃப் பண்ணிருவேன்.

ரெண்டு வருஷமா ஸ்பெஷல் ஸ்கூல் வேன் ஓட்டுறேன். திருப்பூர்ல கம்பெனி வேலை கிடைச்சிருக்கு, அடுத்த மாசம் போகணும். பிள்ளைங்க கிட்ட எப்படி சொல்றது? சொல்லாமலே போயிரலாமா? (வேன் டிரைவர், ஈரோடு)

சொல்லாம போயிராதீங்க தம்பி. திங்கக்கிழமை காலைல கதவு திறந்ததும் வேற முகம் இருந்தா, சில பிள்ளைங்க அந்த வாரம் பூரா ஏறாது. உங்களுக்கு முன்னாடி ஓட்டினவர் அப்படி போயிருந்தா உங்க முதல் வாரம் எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க.

புது டிரைவர ரெண்டு வாரம் முன்னாடியே வரச் சொல்லி ஸ்கூல்ல கேளுங்க. முதல் வாரம் அவர் பக்கத்து சீட்டுல உக்காந்து வரட்டும், எதுவும் பேச வேணாம், முகம் பழகட்டும். ரெண்டாவது வாரம் அவர் ஓட்டட்டும், நீங்க பக்கத்துல உக்காருங்க. அவர் போட்டோ ஒண்ணு எடுத்து டீச்சர் கிட்ட குடுத்துட்டா கிளாஸ்ல காட்டி சொல்லுவாங்க. கடைசி நாள் மிட்டாய் பாக்கெட், செல்ஃபி, அழுகை எல்லாம் வேணாம், உங்களுக்கு தொண்டை அடைக்கும், அடைச்சாலும் அன்னிக்கும் வழக்கமான ட்ரிப்பா ஓட்டுங்க, "நாளைல இருந்து இந்த மாமா வருவாரு"ன்னு ஒரே ஒரு வரி சொன்னா போதும்.

அப்புறம் ஒரு நோட்டு எழுதிக் குடுங்க. ரூட் மேப் போன்லயே இருக்கு, அது இல்ல நான் சொல்றது. நான் 2019ல மஞ்சக்காமாலைல மூணு வாரம் படுத்துட்டேன், அப்ப எனக்கு பதிலா ஓட்டினவருக்கு எழுதிக் குடுத்த நோட்டு இன்னிக்கும் வண்டி டேஷ்போர்டுல இருக்கு, வருஷா வருஷம் திருத்துவேன். அதுல இருந்து ரெண்டு பக்கம் இங்க போடறேன், உங்க வண்டிக்கு ஏத்த மாதிரி நீங்க எழுதிக்கோங்க.

"முதல் வீடு, பச்சை கேட். ஹாரன் அடிக்காதீங்க, தாத்தா படுத்த படுக்கையா இருக்காரு. இன்ஜின் சத்தம் கேட்டே பையன் வந்துருவான்.

மூணாவது வீடு. பொண்ணு படில நின்னு எண்ணும். பேசாதீங்க. ஏறினப்புறம் குட் மார்னிங் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி வேணாம்.

அஞ்சாவது வீடு, மாடி. அம்மா ஒத்தையா தூக்கிட்டு வருவாங்க, ஆயாம்மா மேல போய் வாக்கர வாங்கிக்கணும். மழை நாள்னா ரெண்டு பேரும் போங்க, படி வழுக்கும்.

ஸ்ரீரங்கம் பையன், இடது ஜன்னல். பாலத்துல மெதுவா போங்க."